பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்: ஒரு கூட்டு ஆவணத்தோடு 7 ஆண்டுகள்

எங்கள் பள்ளியில் அறிவியல் நடத்தும் 6 பேர் சேர்ந்து 7 ஆண்டுகளுக்கு முன் கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்தைத் தொடங்கினோம். பெயர், "பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்". உள்ளே ஓர் அட்டவணை, அதில் 4 பத்திகள்: எந்தப் பாடம், பிள்ளை சொன்னது, அதுவும் அவர்கள் வாயில் வந்த அதே சொற்களில், அப்படி நினைக்க என்ன காரணம் இருக்கலாம், வகுப்பில் என்ன செய்து பார்த்தோம். இன்று அதில் 300 வரிகளுக்கு மேல் இருக்கின்றன. எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். என் வகுப்பை இந்த அட்டவணை அளவுக்கு அவற்றில் எதுவும் மாற்றியதில்லை. எப்படி என்று கேட்கும் நண்பர்கள் எல்லோருமே "எந்தக் கருவி?" என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கான பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். சொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

இதற்கு முன் 2 முறை முயன்று விட்டுவிட்டோம். முதல் முறை ஒரு விக்கி. 1995இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், தம்மைப் போன்ற நிரலாளர்கள் தங்களுக்குள் அறிந்ததைப் பகிர்ந்துகொள்ள உருவாக்கிய யோசனை அது. ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் விரைவு. யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திறந்து திருத்தலாம் என்ற அந்தத் திறந்த மனசு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விடுமுறை முழுக்க உட்கார்ந்து பாடத்துக்கு ஒன்றாக 40 பக்கங்கள் திறந்து, தலைப்பும் உள்தலைப்பும் போட்டு வைத்தேன். பள்ளி திறந்தபின் எல்லோரும் பார்த்தார்கள், பாராட்டினார்கள். யாரும் எழுதவில்லை. காலியான அலமாரியைக் காட்டி "நிரப்புங்கள்" என்று சொல்லியிருக்கிறேன் என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. நாளைக் காலை வகுப்புக்குள் நுழையப்போகும் ஆசிரியருக்கு அந்தப் பக்கங்களில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எடுக்க ஏதாவது இருக்கும் இடத்தில்தான் கொடுக்கவும் மனம் வரும். பிறகு ஒருநாள் அந்தச் சேவையே மூடப்பட்டது. அறிவிப்பு மின்னஞ்சலை நான் கவனிக்கவில்லை. அங்கே நான் எழுதி வைத்திருந்த சிறிதளவும் போயிற்று.

இரண்டாவது, செய்திக் குழு. அதில் எல்லோரும் இருந்தார்கள், எழுதவும் செய்தார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒருவர் போட்ட அருமையான செய்முறைக் குறிப்பு வெள்ளிக்கிழமைக்குள் 200 செய்திகளுக்கு அடியில் போய்விடும். அவசரத் தகவலுக்குக் குழு நல்லது. சேர்த்து வைப்பதற்கு அது இடமில்லை.

அட்டவணை தொடங்கியது ஒரு சாதாரண விஷயத்தில். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், "மரம் மண்ணைச் சாப்பிட்டுத்தான் பெருசாகுது" என்று சொல்லியிருந்தான். அதை ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னதும், "என் ஒன்பதாம் வகுப்பிலும் இதையேதான் சொல்கிறார்கள், ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை ஒப்பித்துக்கொண்டே சொல்கிறார்கள்" என்றார் இன்னொருவர். அன்று மாலை அதை ஆவணத்தில் முதல் வரியாகப் போட்டேன். இரண்டு நாளில் காரணப் பத்தியில் ஒருவர் எழுதினார்: "உரம் போடுவதைச் 'செடிக்குச் சாப்பாடு' என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோமே?" நான் பத்து ஆண்டுகளாகச் சொல்லி வந்த சொல் அது. திரையைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாமவர் 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மாண்ட்டின் பழைய சோதனையைச் சேர்த்தார். 1648இல், அவர் இறந்த பிறகு வெளிவந்த நூலில் உள்ளது. 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூட இல்லை. மண்ணைத் தின்று மரம் வளரவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதிதான் தெம்பு தருகிறது. பெரிய அறிவியலாளரும் பாதி வழியில் நின்றிருக்கிறார் என்று தெரியும்போது தங்கள் பதிலை வெளியே சொல்லக் கூச்சம் போய்விடுகிறது. இப்போது நாங்கள் எல்லோரும் அந்தப் பாடத்தை ஒரு மரக்கட்டையை மேசையில் வைத்து, "இந்த எடை எங்கிருந்து வந்தது?" என்று எழுதச் சொல்லித்தான் தொடங்குகிறோம். பாடம் முடிந்தபின் அதே கேள்வி மறுபடியும்.

ஒரு வரி நிரம்பினதும் மற்றவை தானாக வந்தன. பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடைக்காலம் என்று பிள்ளைகள் சொல்வது, அதற்குப் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில் என்ற தகவலை வைத்து ஒருவர் அமைத்த கேள்வி, இப்படி.

மூத்த ஆசிரியை ஒருவர் மட்டும் எழுதவே இல்லை. 28 ஆண்டு அனுபவம். கணினி பழக்கமில்லை என்பதுதான் காரணம் என்று நினைத்து, தட்டச்சு சொல்லிக்கொடுக்கப் போனேன். "அது இல்லப்பா. என் வகுப்புல பிள்ளைங்களுக்குப் புரியலைன்னு நானே எழுதி வைக்கணுமா? அதை யார் யார் படிப்பாங்க?" என்று கேட்டார். தலைமை ஆசிரியருக்கும் அந்த ஆவணத்தில் அனுமதி கொடுத்து வைத்திருந்தேன்; அது மரியாதை என்று நினைத்திருந்தேன். டீச்சர் கேட்டபின்தான், மற்ற ஐவரும்கூட ஆபத்தில்லாத வரிகளை மட்டுமே எழுதி வந்தது கண்ணில் பட்டது. தலைமை ஆசிரியரிடம் போய் நேராகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "என்னை எடுத்துவிடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை நீங்களே வந்து என்ன கற்றீர்கள் என்று சொல்லுங்கள், போதும்" என்றார். அந்த வாரத்திலேயே ஆவணத்தின் குரல் மாறியது. "நான் நடத்தியது எடுபடவில்லை" என்று தொடங்கும் வரிகள் வர ஆரம்பித்தன. ஆசிரியர்களுக்கான கூட்டு ஆவணம் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: யார் படிக்கப்போகிறார்கள் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மேலதிகாரி பார்க்கும் ஆவணத்தில் உண்மையான சறுக்கல் எழுதப்படாது.

அதன்பின் டீச்சருக்குக் குரல்வழித் தட்டச்சு வசதியைக் காட்டினேன். தமிழில் பேசினாலே அது எழுதிவிடும். நிறுத்தக்குறிகளை நாம் பிறகு போட்டுக்கொள்ள வேண்டும், ஒருசில சொற்களை மாற்றிக் கேட்டுவிடும், அவ்வளவே. ஆவணத்தின் மிகச் சிறந்த வரிகள் அவருடையவை. 20 ஆண்டுக்கு முன் ஒரு பிள்ளை சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருந்தார்: "பல்பு கரண்டைத் தின்னுடும், அதனால திரும்பி வர்றப்போ கொஞ்சமாத்தான் வரும்." அதற்கு அவர் செய்தது, பல்புக்கு இரு பக்கமும் மின்னோட்டத்தை அளக்கும் ஒவ்வோர் அம்மீட்டர் வைத்து, சுவிட்சைப் போடுவதற்கு முன் இரண்டும் என்ன காட்டும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னது. எழுதாமல் பார்த்தால் "இதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிடுவார்கள் என்று அவர் சேர்த்திருந்த குறிப்பை நான் இன்று எல்லாச் செய்முறைகளிலும் பின்பற்றுகிறேன்.

இந்த அட்டவணையிலிருந்துதான் எங்கள் கூட்டுப் பாடத் திட்டம் பிறந்தது. ஜப்பானிய ஆசிரியர்களிடம் பாட ஆய்வு என்ற நீண்ட மரபு உண்டு. பலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். 6 பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருப்பது எங்கள் கால அட்டவணையில் நடக்காது. திட்டமிடும் பகுதியை ஆவணத்துக்கு மாற்றினோம். ஒருவர் காலையில் எழுதுவார், இன்னொருவர் இரவில் ஓரக் கருத்து போடுவார். ஒரே ஒரு விதி: கருத்து கேள்வியாக இருக்க வேண்டும். "இது சரிவராது" என்று எழுதக்கூடாது. "இந்த இடத்தில் பின்வரிசைக் குழு என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று கேட்கலாம். விதி கொஞ்சம் செயற்கையாகத் தோன்றும். ஆனால் எழுத்தில் குரலின் மென்மை தெரிவதில்லை, நேரில் சிரித்துக்கொண்டு சொல்லும் அதே வாக்கியம் திரையில் அறைவதுபோல் விழும். முதல் மாதத்திலேயே இரண்டு பேர் மனம் புண்பட்டபின் வந்த விதி அது.

வகுப்பைக் கவனிக்கும்போது மடிக்கணினி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தட்டச்சு செய்பவரின் கண் திரைக்குப் போய்விடுகிறது, பிள்ளையின் கை எங்கே தயங்கியது என்பது தவறிவிடுகிறது. நோட்டில் எழுதி, அன்று மாலையே ஆவணத்தில் ஏற்றுகிறோம். மறுநாள் என்று தள்ளினால் பிள்ளை சொன்ன சொல் போய்விடும், நம் சொல்தான் மிஞ்சும்.

இனி வகுப்பறை. ஆசிரியர்களுக்குள் நன்றாக நடந்ததை அப்படியே பிள்ளைகளிடம் கொண்டுபோனேன். 38 பேருக்கு ஒரு காலி ஆவணம், ஒரே இணைப்பு. கூகுள் கணக்கில் உள்நுழையாமல் திறக்கிறவர்களுக்கு கூகுள் டாக்ஸ் ஏதாவது ஒரு விலங்கின் பெயரை வைக்கும். 5 நிமிடத்தில் திரை முழுக்க விலங்குகள், ஒருவர் எழுதியதற்குள் இன்னொருவர் எழுதுகிறார், யாரோ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். ஒரு சிறுமி தான் எழுதியது போய்விட்டதே என்று அழுதாள். பதிப்பு வரலாற்றைத் திறந்து 2 நிமிடம் முந்தைய பிரதியை மீட்டுக் காட்டியதும்தான் வகுப்பு அடங்கியது. அந்த வசதியை நான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தது நல்லதாயிற்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கூட்டு ஆவணத்தோடு வகுப்புக்குள் போகக்கூடாது.

அன்றிலிருந்து காலிப் பக்கம் கொடுப்பதில்லை. கட்டங்கள் போட்ட பக்கம். குழுவுக்கு ஒரு கட்டம். 4 பேருக்கு ஒரே கருவி. ஆளுக்கொரு கருவி இருந்தால் இன்னும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். ஆளுக்கொன்று இருக்கும்போது அறை அமைதியாகிவிடுகிறது, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தட்டுகிறார்கள். நால்வருக்கு ஒன்று என்றால் எதை எழுதுவது என்று வாதிட்டாக வேண்டும். எனக்குத் தேவை அந்த வாதம்தான்.

அது எவ்வளவு பலன் தரும் என்பதை ஊசல் பாடத்தில் பார்த்தேன். 8 குழுக்கள். நூலின் நீளம் 25, 50, 75, 100 செ.மீ., ஒவ்வொரு நீளமும் 2 குழுக்களுக்கு. 20 அலைவுகளுக்கு எத்தனை விநாடி என்று அளந்து கூட்டு விரிதாளில் போட வேண்டும். வரைபடம் முன்திரையில் தானாக வளரும். 25 செ.மீ. குழுக்களுக்கு 20 விநாடி வாக்கில் வந்தது, 50க்கு 28, 75க்கு 35. 100 செ.மீ.யில் ஒரு குழு 40 போட்டது. ஆறாம் குழு 20 போட்டது. புள்ளி கோட்டை விட்டுக் கீழே தனியாக விழுந்ததும் வகுப்பே "தப்பு, தப்பு" என்றது. ஆறாம் குழு எண்ணை அழிக்கப் போனது. "யாரும் எதையும் மாற்ற வேண்டாம். 100 செ.மீ. வைத்திருக்கும் இரண்டு குழுவும் ஒருவர் மேசைக்கு ஒருவர் போய், மற்றவர் எப்படி எண்ணுகிறார் என்று மட்டும் பாருங்கள்" என்றேன்.

ஒரு நிமிடத்தில் பிடிபட்டது. ஆறாம் குழு ஊசல் அந்தப் பக்கம் போனால் ஒன்று, இந்தப் பக்கம் வந்தால் இரண்டு என்று எண்ணியிருந்தது. "ஆடுறதுன்னா ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போறதுதானே சார்?" என்று கேட்டான் அந்தக் குழுவில் ஒருவன். நியாயமான கேள்வி. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு என்ற வரையறையை அன்று அவர்களே ஏன் தேவை என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் செய்த காலத்தில் இந்தப் பிழை வீட்டில் திருத்தும்போது என் கண்ணில் படும், சிவப்பில் ஒரு பெருக்கல் குறியோடு முடியும். இங்கே எல்லோருடைய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் பிழையே பாடமாயிற்று. கடைசியில் இன்னொருவன், "25க்கு 20, 100க்கு 40. நீளம் 4 மடங்கு ஆனா நேரம் 2 மடங்குதான் ஆகுது" என்றான். நான் அடுத்த வகுப்பில் சொல்ல வைத்திருந்த செய்தி அது.

இதை அட்டவணையில் எழுதியதும் ஒரு சகா கருத்து போட்டார்: "அடுத்த ஆண்டு ஒரு குழுவுக்கு மட்டும் அலைவு என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டால் என்ன?" டீச்சர் பதில் எழுதினார்: "அந்தப் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் தப்பு செய்ய வைப்பது சரியா?" நான்கு நாள் ஓடியது அந்த உரையாடல். முடிவில் எந்தக் குழுவுக்கும் முன்கூட்டி வரையறை சொல்வதில்லை என்று ஏற்றுக்கொண்டோம். வேறுபாடு வந்தால் எல்லோரும் சேர்ந்து தேடலாம்.

எழுத்துப் பணிகளில் கூட்டுக் கருவியின் உண்மையான வசதி, முடிந்தபின் மதிப்பெண் போடாமல் நடுவிலேயே ஒரு கேள்வி கேட்க முடிவது. 38 பேருக்கும் தினமும் கருத்து எழுத முயன்று ஒரு மாதத்தில் களைத்துப்போனேன். இப்போது நாளுக்கு 2 குழு மட்டும். மீதியைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் செய்கிறார்கள். முதலில் "சூப்பர்", "நன்று" என்றே நிரம்பியது. "நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள், இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்ற ஒரே மாதிரி வாக்கியத்தைக் கொடுத்து, எந்த வரியைப் பற்றி என்பதைத் தேர்ந்தெடுத்துக் காட்டச் சொன்னேன். அதன்பின் கேள்விகள் வரத் தொடங்கின. பதிப்பு வரலாற்றை வைத்து யார் எவ்வளவு எழுதினார் என்று மதிப்பெண் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒருமுறை போட்டேன். பூஜ்யம் வாங்கிய பெண்தான் குழுவின் எல்லா யோசனைகளையும் வாய்விட்டுச் சொன்னவள் என்று தட்டச்சு செய்த பையனே வந்து சொன்னான். விசைப்பலகை யார் கையில் இருந்தது என்பதைத்தான் வரலாறு காட்டும்.

விக்கிப்பீடியாவையும் இதே நோக்கில் பயன்படுத்துகிறேன். 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. கட்டுரையைப் படிப்பதோடு நிற்காமல் "வரலாறு", "உரையாடல்" பக்கங்களைத் திறக்கச் சொல்கிறேன். ஒரு வாக்கியத்துக்காக முகம் தெரியாதவர்கள் சான்று கேட்டு வாதிடுவதைப் பார்க்கும் பிள்ளைகள், தங்கள் கட்டுரையில் போடும் வாக்கியத்தையும் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

வலித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை செய்முறை எண்களும் தேர்வு மதிப்பெண்களும் ஒரே கோப்பில், வேறு வேறு தாள்களில் இருந்தன. இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியோடு அதைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டேன். மாலைக்குள் எல்லோருடைய மதிப்பெண்ணும் எல்லா வீட்டிலும் தெரிந்துவிட்டது. குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து மதிப்பெண்ணும் கூட்டு வேலையும் ஒரே கோப்பில் இருப்பதில்லை. பெயருக்குப் பதில் குழு எண். பார்வையாளர், கருத்து சொல்பவர், திருத்துபவர் என்ற மூன்றில் யாருக்கு எது என்று எழுதிவைத்த பின்பே இணைப்பு போகும். அனுப்புமுன் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் அந்த இணைப்பை ஒட்டி, வெளியாள் ஒருவருக்கு என்ன தெரிகிறது என்று நானே பார்க்கிறேன். அரை நிமிட வேலை. வயது வரம்பையும் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் 13 வயது ஆகாத பிள்ளை தானாக கூகுள் கணக்கு தொடங்க முடியாது, சில நாடுகளில் வரம்பு இன்னும் அதிகம். சின்ன வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கணக்கே வேண்டாம். என் கணக்கில் திறந்த கருவியில் குழுக்கள் முறைவைத்து எழுதுகின்றன.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தலைவலி கூடுதல். எல்லாக் கணினியிலும் எழுத்து ஒன்றுபோல் தெரியச் செய்யும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய வினாத்தாள்களைக் கூட்டு ஆவணத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றியபின் ஒற்றெழுத்தும் கொம்பும் சரியாக வந்தனவா என்று ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் மூவர் பிரித்துக்கொண்டு ஒரு விடுமுறையில் முடித்தோம்.

கோப்பு யாருடையது என்பதும் முக்கியம். வேறு பள்ளிக்கு மாறிப்போன ஒருவரின் கணக்கு நீக்கப்பட்டபோது அவர் தொடங்கிய 3 பாடத் திட்டங்கள் காணாமல் போயின. நாங்கள் எல்லோரும் அவற்றில் எழுதியிருந்தோம், ஆனால் உரிமை அவர் கணக்கில் இருந்தது. இப்போது எல்லாம் பகிர்வு இயக்ககத்தில் இருக்கிறது; அங்கே கோப்பு தனி ஆளுக்கு அல்ல, குழுவுக்கே சொந்தம். பருவ முடிவில் முழுவதையும் தரவிறக்கி, அட்டவணையை அச்செடுத்து ஆசிரியர் அறையில் வைக்கிறேன். இணையம் இல்லாத நாளில் அந்தத் தாளைத்தான் எல்லோரும் புரட்டுகிறார்கள்.

டீச்சர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்த இளம் ஆசிரியை முதல் மாதம் ஒன்றும் எழுதவில்லை, படித்துக்கொண்டே இருந்தார். போன வாரம் மின்சுற்று வரியில், டீச்சரின் இரண்டு அம்மீட்டர் குறிப்புக்குக் கீழே, அவரது முதல் கருத்தைப் பார்த்தேன்: "செய்து பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு காட்டியது. 'அப்போ பல்புல எரிஞ்சது எது மிஸ்?' என்று கேட்டார்கள். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. நீங்கள் எல்லாம் என்ன சொல்வீர்கள்?" அதன் கீழே இதுவரை 3 பேர் எழுதியிருக்கிறார்கள். மின்னோட்டத்தையும் ஆற்றலையும் எந்தச் சொற்களில் பிரித்துச் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.